முதியோர் உதவித்தொகை: பெறும் முறையும் பேணும் முறையும்

ஒரு பொருளுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயரைக் கொண்டே, அப்பொருளைப் பற்றி அவர்கள் உள்ளத்தில் கொண்டுள்ள எண்ணத்தை அறிந்துகொள்ளலாம். வறுமையுற்ற முதியோர்க்கு அரசினர் திங்கள்தோறும் வழங்கும் தொகையை அரசாங்க ஏடுகள் 'முதியோர் ஓய்வூதியம்' என்று குறிக்கின்றன. அலுவலகங்களில் 'ஓ.ஏ.பி.' என்பர். ஊர்ப்புறத்துத் திண்ணைகளில் 'முதியோர் பணம்' என்பர். ஒரு சிலர் வாயில் 'சர்க்கார் பிச்சை' என்னும் சொல்லும் வருகிறது. இந்தக் கடைசிச் சொல்லுக்கு அஞ்சியே விண்ணப்பம் எழுதாமல் அரை வயிற்றோடு படுக்கும் முதியோர் பலர். விண்ணப்பம் எழுதியும், வழி தெரியாமல் அலைந்து சலித்து விட்டுவிட்டோர் வேறு பலர். பெற்ற தொகையைப் பிறர் கையில் ஒப்புவித்து இழந்தோரும் உண்டு. இம்மூவகையினரையும், அவர்களுக்கு உதவக்கூடிய இளைஞர்களையும் எண்ணியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் 'பிச்சை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். பிச்சை என்பது கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தது. இன்று இடுவான், நாளை இல்லை என்பான். கேட்க நமக்கு வழியில்லை. முதியோர் ஓய்வூதியம் அத்தகையது அன்று. அதற்கு விதி உண்டு. விதியின்படி தகுதி உண்டு. தகுதி இருந்தும் மறுக்கப்பட்டால் முறையிட இடமும் உண்டு. உலகில் இது தோன்றிய வரலாறும் இதனையே காட்டும். ஜெர்மனி நாட்டில் பிஸ்மார்க்கு ஆட்சியை நடத்திய காலத்தில், 1889ஆம் ஆண்டு, உழைப்பாளர்களுக்கான முதுமைக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தில் 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, எழுபது வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை வழங்கும் முறை 1909 சனவரி முதல் நாள் தொடங்கியது. அதற்குமுன் அந்நாட்டு ஏழை முதியோர் பலர் ஏழையர் விடுதிகளில் மானம் குன்றி வாழ நேர்ந்தது. அஞ்சல் நிலையத்திற்குச் சென்று, பிறரைப் போல் வரிசையில் நின்று, தமக்குரியதைப் பெற்றுவந்த அன்று அவர்கள் தலை நிமிர்ந்தது.

நம் நாட்டில் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, முதுமையிலும் நோயிலும் வேலையின்மையிலும் வாடுவோர்க்கு, அரசு தன் பொருள் வலிமைக்கு இயன்ற அளவில் உதவ வேண்டும் என்று நெறி வகுத்துள்ளது. இந்நெறியை நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்த இயலாது என்பது உண்மை. ஆயினும் நாட்டை ஆள்வதற்கு இது அடிப்படை என்று அவ்வரசியலமைப்பே கூறுகிறது. இந்தியாவில் முதன்முதலாக உத்தரப் பிரதேசம் 1957இல் முதியோர் ஓய்வூதியத்தைத் தொடங்கியது. அன்று சென்னை மாநிலம் எனப்பட்ட நம் மாநிலத்தில் 1962 ஏப்ரல் முதல் நாள் இத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அப்போது திங்களுக்கு இருபது ரூபாய். 1995 ஆகஸ்டு 15 முதல் மத்திய அரசும் தன் பங்கைச் செலுத்தத் தொடங்கியது. 2007இல் அத்திட்டத்திற்கு இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் என்று பெயரிடப்பட்டது. 2011இல் அதன் வயது வரம்பு 65இலிருந்து 60 ஆகக் குறைந்தது. மத்திய அரசின் பங்கு எண்பது வயதுக்கு உட்பட்டோர்க்கு 200 ரூபாய் எனவும், எண்பது நிறைந்தோர்க்கு 500 ரூபாய் எனவும் அவ்வாண்டு வகுக்கப்பட்டது. மீதியைத் தமிழ்நாட்டு அரசு சேர்த்து வழங்கும். அவ்வாறு 2011இல் ஆயிரம் ரூபாயாகவும், 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாகவும் தொகை உயர்ந்தது. ஆகவே இது எவரோ ஒருவர் இரங்கி இடுவதன்று. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வயலிலும் தறியிலும் சூளையிலும் உழைத்த கைகளுக்கு நாடு செலுத்தும் கடன்.

இனி, யார் பெறலாம்? அறுபது வயது நிறைந்திருத்தல் வேண்டும். வறுமையில் இருத்தல் வேண்டும். தாங்குவார் இன்றி இருத்தல் வேண்டும். வேறு ஓய்வூதியம் பெறுபவராக இருத்தல் கூடாது. என் போன்ற ஓய்வு பெற்ற ஆசிரியர் இதனைக் கேட்க முடியாது, கேட்பதும் முறையன்று. சொத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். இவ்வரம்பு காலத்துக்குக் காலம் மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிதல் நலம். கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டோர், மணமாகாத ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர்க்குத் தனித்தனித் திட்டங்கள் உள்ளன. இவர்கள் அறுபது வயது வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. ஆனால் ஒருவர் ஓர் ஓய்வூதியமே பெறலாம்.

இங்கேதான் ஒரு பெரும் இடர்ப்பாடு எழுகிறது. 'தாங்குவார் இன்றி' என்றால் என்ன? பிள்ளை இருக்கிறான் என்று எழுதினால் ஓய்வூதியம் கிடைக்காது என்று பலர் அஞ்சுகின்றனர். ஆகையால், பிள்ளையே இல்லை என்று எழுதிவிடும்படி பக்கத்து வீட்டாரும் இடைத்தரகரும் அறிவுரை கூறுகின்றனர். என் வீட்டுத் திண்ணைக்கு விண்ணப்பம் எழுதிக்கொள்ள வந்த மூதாட்டி ஒருவரிடம், "மக்கள் எத்தனை பேர், அம்மா?" என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இல்லைன்னு எழுதச் சொல்றாங்க, வாத்தியாரையா. பெத்த பிள்ளையை எப்படி இல்லைன்னு சொல்லுவேன்? அந்தக் காசு எனக்கு வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னதில் அறமும் இருந்தது. சட்ட அறிவும் தம்மையறியாமலே இருந்தது. விண்ணப்பத்தில் பொய் எழுதினால், விசாரணையில் அது வெளிப்படும். வெளிப்பட்டால் உண்மையான வறுமையையும் ஒருவர் நம்பமாட்டார். எனவே நான் உள்ளதை உள்ளவாறு எழுதினேன்: "எனக்கு ஒரு மகன் உண்டு. அவன் வெளியூரில் கூலி வேலை செய்கிறான். அவன் வருவாய் அவன் மனைவி மக்களுக்கே போதவில்லை. நான் தனியே வாழ்கிறேன். எனக்கு வேறு வருவாய் இல்லை." இதனை இருமுறை படித்துக் காட்டினேன். "இதனால் அவனுக்கு ஏதும் குற்றம் வருமா, ஐயா?" என்று கேட்டார். "வராது, அம்மா, அவன் நிலைமையைத்தானே சொல்கிறோம்" என்றேன். அதன் பின்னரே பெருவிரலை மையில் வைத்தார். சில திங்கள் கழித்து, விசாரணை முடிந்து, அவருக்கு ஓய்வூதியம் கிடைத்தது. உண்மையை எழுதுவது பிள்ளையைச் சபிப்பது ஆகாது என்பதை ஒவ்வொரு தாயும் தந்தையும் தெளிதல் வேண்டும்.

பிள்ளைக்கு வசதி இருந்தும் பெற்றோரைப் புறக்கணித்தால் அது வேறு செய்தி. அதற்கென்றே 2007ஆம் ஆண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இயற்றப்பட்டது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும். திங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை பிள்ளைகள் தருமாறு ஆணையிட அச்சட்டம் இடந்தருகிறது. தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பின்னர்க் கைவிடப்பட்டவர்கள், அந்த ஆவணம் செல்லாது என அறிவிக்கக் கோரலாம். இந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தல் வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி எழுதிக் கொடுத்தவர்கள் பின்னர் வருந்துவதை ஊர்தோறும் காண்கிறோம்.

அடுத்து, வயதை மெய்ப்பிக்கும் சிக்கல். இன்று அறுபதைக் கடந்தவர்களுள் பலருக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஆதார் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் ஒரு வயது, குடும்ப அட்டையில் மற்றொரு வயது என இருக்கும். "தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன வருஷம் நான் கைக்குழந்தை" என்றும், "அண்ணா இறந்த வருஷம் எனக்குக் கல்யாணம்" என்றும் சொல்வார்கள். அவை 1964, 1969 என்று நாம் கணக்கிடலாம். அலுவலகம் ஏட்டில் எழுதிய எண்ணையே பார்க்கும். ஆகவே விண்ணப்பிப்பதற்கு முன்னரே எல்லா அட்டைகளையும் பாயில் பரப்பி வைத்து, பெயரும் தந்தை அல்லது கணவர் பெயரும் வயதும் ஒன்றுபோல் உள்ளனவா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 'முனியம்மாள்' ஓர் அட்டையில் 'முனியம்மா' என்றிருப்பதும் பின்னர்த் தடையாகும்.

இதில் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். பள்ளிக்கூடங்களில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அது அழிக்கப்படாமல் நெடுங்காலம் பாதுகாக்கப்பட வேண்டிய ஏடு. ஒருவர் இரண்டாம் வகுப்போடு நின்றிருந்தாலும், சேர்ந்த நாளும் பிறந்த தேதியும் அதில் எழுதப்பட்டிருக்கும். தாம் படித்த பள்ளியின் தலைமையாசிரியரை அணுகி, அப்பதிவிலிருந்து சான்று கேட்கலாம். "நான் என்ன படித்தேன், சான்று கேட்பதற்கு?" என்று கூச வேண்டுவதில்லை. அன்று அரைக் கால்சட்டையுடன் பலகையைப் பிடித்து நின்ற சிறுவனுக்கு அந்த ஒரு வரி அறுபது ஆண்டுகள் கழித்துச் சோறு போடக்கூடும்.

இனி விண்ணப்பம் செல்லும் வழியைச் சொல்வேன். வழி தெரிந்தவன் அலையமாட்டான். இ-சேவை மையத்திற்கு ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், நிழற்படம் ஆகியவற்றோடு செல்ல வேண்டும். அங்குள்ளவர் கணினியில் விண்ணப்பத்தைப் பதிவு செய்வார். கட்டணம் எவ்வளவு என்பது பலகையில் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு காசும் தர வேண்டுவதில்லை. முடிந்ததும் விண்ணப்ப எண் பொறித்த ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அந்த எண்ணே உங்கள் விண்ணப்பத்தின் முகவரி. அதனைக் குடும்ப அட்டையின் உறைக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள்.

விண்ணப்பம் அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலரிடம் செல்லும். பின்னர் வருவாய் ஆய்வாளர் பார்ப்பார். இவர்கள் வீட்டிற்கு வந்தோ அக்கம்பக்கத்தாரைக் கேட்டோ நிலைமையை அறிவர். அவர்கள் வரும்போது வீட்டில் இருப்பதும், கேட்டதற்கு நேராக விடை கூறுவதும் கடமை. பட்டினியைப் பெருக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. மானத்திற்கு அஞ்சி மறைக்கவும் வேண்டுவதில்லை. "யார் வீட்டிலாவது ஒருவேளைச் சோறு கிடைக்கிறது" என்பது உண்மையானால் அதையே சொல்லலாம். அவர்களுடைய அறிக்கையின் மேல், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஆணை பிறப்பிப்பார்.

ஆணை வரத் தாமதமானால் என் செய்வது? முதலில் ஒப்புகை எண்ணைக் காட்டி, விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று கேளுங்கள். மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'கிடைக்காதாம்' என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டுத் திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர்! காரணம் எழுத்தில் இருந்தால், வயதுச் சான்று போதவில்லையா, முகவரி மாறியதா, வேறு குறையா என்பது தெரியும். திருத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். முறை தவறி மறுக்கப்பட்டதாக எண்ணினால் மேலதிகாரியாகிய கோட்டாட்சியரிடம் முறையிடலாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டால், முப்பது நாளில் விடை தருதல் வேண்டும். வறுமைக் கோட்டிற்குக் கீழ் உள்ளோர் அதற்குக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. முதியோர்க்கென நாடு முழுவதும் 14567 என்னும் தொலைபேசி எண்ணில் வழிகாட்டும் உதவியும் உண்டு.

கிடைத்த பின்னர்ப் பேணுதல், பெறுதலைக் காட்டிலும் அரிது. முன்பெல்லாம் அஞ்சற்காரர் மணியார்டரைக் கொண்டுவந்து தெருவிலேயே எண்ணிக் கொடுப்பார். இன்று பணம் வங்கிக் கணக்கில் சேர்கிறது. வங்கியின் முகவர் ஊருக்கு வந்து, சிறு கருவியில் கைரேகை பெற்றுப் பணம் தருகிறார். இம்முறையில் நன்மையும் உண்டு. இரண்டு இடர்களும் உண்டு.

ஒன்று, உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதிவதில்லை. 'உங்கள் விரல் விழவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டால், பணம் போய்விட்டதென்று அழ வேண்டாம். பணம் கணக்கில்தான் இருக்கும். வங்கிக் கிளைக்குக் கணக்குப் புத்தகத்துடன் சென்று பெறலாம். ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துக்கொள்ளலாம். கருவிழிப் பதிவும் உண்டு. எழுபது வயதைக் கடந்தோர்க்கு வீட்டிற்கே வந்து வங்கிச் சேவை அளிக்க முயல வேண்டும் என்று 2017இல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இதனை மேலாளரிடம் எடுத்துச் சொல்லலாம்.

மற்றொன்று, நம்பிக்கைத் துரோகம். ஓர் ஊரில் நடந்ததைக் கேள்விப்பட்டேன். கருவியில் விரலை வைக்கச் சொல்லிவிட்டு, 'இணைப்பு இல்லை, நாளைக்கு வா பாட்டி' என்று அனுப்பிவிட்டார்களாம். கணக்கிலோ அன்றே பணம் எடுக்கப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டிக்கு மூன்று திங்கள் கழித்தே அது தெரிந்தது. பேரன் கணக்குப் புத்தகத்தில் வரவு செலவைப் பதியச் செய்து படித்துக் காட்டினான். ஆகவே, விரல் வைத்த ஒவ்வொரு முறையும் சீட்டைக் கேளுங்கள். பணம் வரவில்லை என்று சொல்லப்பட்டாலும் சீட்டைக் கேளுங்கள். இரண்டு திங்களுக்கு ஒருமுறையேனும் கணக்குப் புத்தகத்தில் பதியச் செய்யுங்கள். வங்கி அட்டையையும் மறையெண்ணையும் ஒருங்கே எவரிடமும் கொடுக்காதீர்கள். கடன் கொடுத்தவரிடம் அட்டையை ஈடாக வைக்காதீர்கள். தொலைபேசியில் எவர் கேட்டாலும் எந்த எண்ணையும் சொல்லாதீர்கள். ஏமாற்றப்பட்டால் உடனே 1930 என்னும் எண்ணில் அறிவியுங்கள்.

சில வேளைகளில் ஓய்வூதியம் திடீரென்று நின்றுவிடும். பெறுபவர் உயிருடன் இருக்கிறாரா, அதே ஊரில் வாழ்கிறாரா என்று அலுவலர்கள் அவ்வப்போது சரிபார்ப்பர். அந்நேரத்தில் மகள் வீட்டிற்கோ மருத்துவமனைக்கோ போயிருந்தால், 'ஆள் இல்லை' என்று குறிக்கப்படலாம். வெளியூர் செல்லும்போது கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுச் செல்வது நல்லது. இரண்டு ஆண்டுகள் கணக்கில் ஒருவர் எடுத்தல், போடுதல் ஏதும் செய்யாவிட்டால் அதனைச் செயலற்ற கணக்காக வங்கி கொள்ளும். அதற்கு இடங்கொடாமல் வருக. ஒரு திங்கள் நின்றால் அந்தத் திங்களிலேயே கேளுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்டால் காரணத்தைத் தேடுவதே பெரும்பாடு.

தொகையைச் செலவிடும் முறைக்கு வருவோம். 1,200 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு நாற்பது ரூபாய். இது பெருந்தொகையன்று. ஆயினும் நியாய விலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. ஓய்வூதியம் பெறுவோர்க்கென்று அரிசியும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலையும் வழங்கும் ஏற்பாடும் உண்டு. அவற்றையும் கேட்டுப் பெறுங்கள். பணம் வந்த அன்றே மருந்துக்கென்று ஒரு பகுதியைத் தனியே முடிந்து வையுங்கள். பருப்பு, எண்ணெய், பாலுக்கு அடுத்த பங்கு. பேருந்துக்கும் திடீர்ச் செலவுக்கும் சிறிது. எஞ்சியதில் பேரனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தால் அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டிலுள்ளோர் அன்போடு கேட்டாலும் முழுத்தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். தன் கையில் நூறு ரூபாய் உள்ள முதியவருக்கு வீட்டில் இருக்கும் மதிப்பு வேறு. ஒவ்வொரு மாத்திரைக்கும் கை நீட்டுபவருக்கு இருக்கும் நிலை வேறு. கணக்கிற்கு நியமனதாரர் ஒருவரின் பெயரையும் பதிவு செய்து வையுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் ஒரு முதியவர் இருப்பார். அவருக்குப் பணம் கொடுக்க உங்களால் இயலாமற் போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுக்க இயலும். அட்டைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தை உரக்கப் படித்துக் காட்டுங்கள். இ-சேவை மையத்திற்கு உடன் செல்லுங்கள். எழுத்தறிவு என்பது நமக்கு மட்டும் உரிய உடைமை அன்று. அதனைப் பெறாதவர்க்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அவர்கள் உழைப்பில் எழுந்த பள்ளிகளிலேயே நாம் படித்தோம்.

முதியோரே! தகுதி இருந்தால் கேளுங்கள், உண்மையை எழுதுங்கள், சீட்டைப் பெறுங்கள், பணத்தை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். உழைத்து ஓய்ந்த பின் ஊரார் முன் கூனிக் குறுகி நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.